இடுப்பருக்கு ஒரு அனுமதிப் பத்திரம்

நோர்வேக்கு வந்து, "உங்களுக்கு அனுமதி தேவையில்லை" என்ற பதிலைக் கேட்டு அழுத மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் இடுப்பர்.

மற்ற எல்லாரும் இங்கே இருக்க அனுமதி கிடைக்கவில்லையே என்று அழுதவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். இரண்டு வருடம் தபால் பெட்டியைத் திறந்து திறந்து அதன் கதவைக் கையோடு கழற்றியவன். ஆனால் அனுமதியே வேண்டாம், சந்தோசமாகப் போய் வாருங்கள் என்று சிரித்த முகத்தோடு சொன்ன உத்தியோகத்தரின் மேசைக்கு முன்னால் இருந்து, மீசை நனைய நனைய ஒருவர் தேம்பி அழுததை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்து கடதாசித் துவாலை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

இடுப்பருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டில் அது இரண்டு வரி ஓடும். அதைச் சொல்லிக் கூப்பிட்டு முடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும் என்பதால் ஒருவரும் முயற்சி செய்யவில்லை. ஆள் எகிப்துக்காரர், கெய்ரோவில் பிறந்தவர். ஐம்பது தாண்டிய வயது. முறுக்கிய மீசை, முன்னால் ஒரு நல்ல தொப்பை. ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் கட்டில் விரிப்புத் தோய்த்துக் கொடுக்கும் ஒரு சலவைத் தொழிற்சாலையில் எனக்கும் அவருக்கும் ஒரே மெசினில் வேலை. விரிப்பின் ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையை அவர் பிடிப்பார். ஈரமாக உள்ளே விட்டால் அந்தப் பக்கம் அப்பளம் போலச் சுடச்சுட வரும்.

அந்த மெசினுக்கு ஒரு சத்தம் உண்டு. டும், தக்க தக்க, டும். எட்டு மணித்தியாலம் அதைக் கேட்டு எங்களுக்கெல்லாம் தலையிடி வரும். இடுப்பருக்கு அது வாத்தியம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மறுமுனையில் நின்ற மனிதரின் தலையும் தோளும் நீதிபதி மாதிரி அசையாமல் இருக்க, இடுப்பு மட்டும் படபடவென்று நடுங்குவதைக் கண்டேன். மெசினில் கரண்ட் அடிக்கிறது என்று முடிவு கட்டி, சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை ஓடிப்போய் அமத்திவிட்டேன். முழுத் தொழிற்சாலையும் நின்றது. மேலாளர் அம்மா மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"இவருக்குக் கரண்ட் அடிச்சிட்டுது" என்றேன்.

"எனக்கு ஒண்டும் அடிக்கேல்லை. நான் ஆடினனான்" என்றார் அவர், மிகுந்த மரியாதையோடு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் கதைத்தது உடைந்த நோர்வேஜிய மொழியில். அவருடைய உடைசல் ஒரு மாதிரி, என்னுடைய உடைசல் இன்னொரு மாதிரி, இரண்டையும் பொருத்தினால் ஒரு முழு வசனம் வரும். வாசகர்கள் அந்தக் கஷ்டத்தைப் பட வேண்டாம் என்று எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். தமிழர்களோடு வேலை செய்து அவரும் நாலு தமிழ்ச் சொல் பொறுக்கி வைத்திருந்தார். "ஓம் ஓம்", "விசர் வேலை", பிறகு "அண்ணை". என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்னை அண்ணை என்பார். மேலாளர் அம்மாவையும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார். அந்த அம்மாவுக்கு அது பிடித்துப்போய், தன் மின்னஞ்சல்களின் கீழே அப்படியே கையெழுத்துப் போடத் தொடங்கிவிட்டார்.

இடுப்பர் என்று பெயர் வைத்தவர் மரியதாஸ் அண்ணை. எங்கள் மெசினில் விரிப்பு மடித்து அடுக்குகிற மூன்றாவது ஆள். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், எங்கள் கலாமன்றத்துக்கு நிரந்தரச் செயலாளர். மன்றத்தின் சீல் எப்போதும் அவருடைய ஜாக்கெட்டின் உள் பையில் இருக்கும். பாஸ்போர்ட்டை மறந்துவிட்டு விமான நிலையம் போயிருக்கிறார், சீலை மறந்து எங்கும் போனதில்லை.

இடுப்பர் ஆடுவதை எப்படிச் சொல்வது? எனக்கு ஆட்டம் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் தலையில் மடித்த விரிப்பு நாலு கட்டு வைத்து, அதில் ஒன்றுகூட அசையாமல், தொப்பையை மட்டும் மேலிருந்து கீழே மூன்று மடிப்பாக ஓடவிட்டு அவர் நடந்து வருவதைப் பார்த்தால், உடம்பு என்றால் சாப்பாடு போட்டு வைக்கிற சாக்கு என்று நினைத்திருந்த எனக்கு வெட்கம் வரும். நாங்கள் எல்லாரும் தொப்பையை உள்ளே இழுத்து மறைப்போம். அவர் அதைப் பழக்கியெடுத்து வைத்திருந்தார்.

குறொன்லாண்ட் கடைத்தெருவில் நான் மிளகாய்த்தூள் வாங்கப் போகும் கடைக்குப் பக்கத்துக் கடையில், சில்லறைத் தகடுகள் தைத்த இடுப்புத் துணி விற்பார்கள். ஒரு சனிக்கிழமை புதிதாக ஒன்று வாங்கினார். பையில் போட்டால் தகடு கழன்றுவிடும் என்று குளிர் ஜாக்கெட்டுக்கு உள்ளே கட்டிக்கொண்டே சுரங்க ரயிலில் ஏறினார். ரயில் நிற்கும்போது ஒரு ஜல், கிளம்பும்போது ஒரு ஜல், வளைவில் ஜலஜலஜல. நோர்வேக்காரர் ரயிலில் பக்கத்து ஆளுக்குக் கொம்பு முளைத்தாலும் யன்னலைத்தான் பார்ப்பார்கள். அன்றும் முழுப் பெட்டியும் யன்னலைப் பார்த்தது. ட்வெய்ட்டா நிலையத்தில் இறங்கும்போது ஒரு வயதான பெண் மட்டும் அவரிடம், "வடிவான சத்தம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். இடுப்பர் அந்த ஒரு வசனத்தை ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

என் முதுகை நிமிர்த்தியதும் அவர்தான். ஈர விரிப்புத் தூக்கித் தூக்கி நான் கேள்விக்குறி மாதிரி வளைந்துபோயிருந்தேன். வைத்தியர் மாத்திரை தந்தார். இடுப்பர் மாத்திரையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்து, "இடுப்பால எட்டுப் போடு அண்ணை. காலமை இருபது, பின்னேரம் இருபது" என்றார். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, மனைவியின் சால்வையை இடுப்பில் கட்டி, கண்ணாடிக்கு முன்னால் எட்டுப் போட்டேன். பதினாலாவது எட்டில் கதவு திறந்தது.

"என்னப்பா இது?" என்றாள் மனைவி.

"முதுகுக்கு."

"முதுகுக்கு ஏன் என்ர நல்ல சால்வை? பழசைக் கட்டுங்கோ."

மூன்று மாதத்தில் நான் நிமிர்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு என் மனைவிக்கு இடுப்பர் சொன்னால் வேதவாக்கு.

அவருடைய கதையைக் கேட்டது ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில். நான்தான் வாயைக் கொடுத்தேன், உங்கள் நாட்டில் ஆண்கள் இப்படி ஆடுவதுண்டோ என்று.

"எங்கட நாட்டில ஆடாத ஆம்பிளை ஆர் அண்ணை? கலியாண வீட்டில மாமன் ஆடுவான், மச்சான் ஆடுவான், எண்பது வயசுக் கிழவன் கதிரையில இருந்துகொண்டே ஆடுவான். ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம். அதையே மேடையில ஏறி, இது என்ர தொழில் எண்டு சொல்லி ஆடினா, குடும்ப மானம் போச்சு."

"பொம்பிளையள் ஆடலாமோ?" என்று கேட்டார் மரியதாஸ் அண்ணை.

"அவையையும் சனம் குறையாத்தான் கதைக்கும். வயித்தை வலைத்துணியால மூட வேணும், பாவாடை இவ்வளவுதான் கீறலாம், எல்லாத்துக்கும் சட்டம். ஆனாலும் அவைக்கு லைசென்ஸ் எண்டு ஒண்டு இருக்கு. நானும் போய்க் கேட்டனான். கவுண்டரில இருந்தவர் விண்ணப்பத்தைப் பாத்தார், என்னைப் பாத்தார், என்ர மீசையைப் பாத்தார். ஆம்பிளைக்கு இந்தப் பேரில லைசென்ஸ் இல்லை, தடியாட்டம் எண்டு எழுதுறன், தடியோட ஆடு எண்டார்."

தடியாட்டம் அங்கே ஆண்களுக்கு உரியது, வீர விளையாட்டு, மரியாதைப்பட்டது. ஆகவே தடி கையில் இருக்கும்வரை அவர் நாட்டுப்புறக் கலைஞர். தடியைக் கீழே வைத்தால் ஒழுக்கக்கேடு என்று வழக்கு வரலாம். பன்னிரண்டு வருடம் தடியோடு ஆடியிருக்கிறார். வருடத்துக்கு வருடம் தடியை மெலிய வைத்துக்கொண்டே வந்தாராம். கடைசியில் அது பென்சில் அளவுக்கு வந்துவிட்டது. ஒரு நாள் அந்தப் பென்சிலும் எதற்கு என்று மேடையில் வைத்துவிட்டு ஆடியிருக்கிறார். யாரோ முறைப்பாடு கொடுத்தார்கள். இரண்டு நாள் பொலிஸ் நிலையத்தில் இருந்தார்.

வெளியே எடுத்தவர் அவருடைய மூத்த அண்ணன். அவர் வழக்கறிஞர். நிலையத்தின் வாசலில் நின்று தம்பியிடம் அவர் சொன்னதை இடுப்பர் எங்களுக்கு எழுந்து நின்று, கையை நீட்டி, அண்ணனின் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

"ஒரு அரசாங்கம், ஏதாவது ஒரு அரசாங்கம், இவன் ஆடலாம் எண்டு சீல் குத்திக் கடதாசி தரட்டும். அண்டைக்கு நான் முன்வரிசையில வந்து இருக்கிறன். அதுவரைக்கும் என்ர முகத்தில முழிக்காதை."

பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. பெருநாளுக்கு மட்டும் தொலைபேசியில் ஒரு வாழ்த்து வரும், அதுவும் கையெழுத்து வைத்த கடிதம் போல இருக்கும். இடுப்பர் இதைச் சொல்லிவிட்டு, தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். பிறகு தானே தன்னைத் தேற்றிக்கொள்ள ஒரு சரித்திரம் சொன்னார். பழைய காலத்தில் ஒரு ஆட்சியாளர் ஆட்டக்காரப் பெண்களைக் கெய்ரோவை விட்டே துரத்தினாராம். அந்த இடத்தில் நின்று ஆடியவர்கள் ஆண்கள்தானாம். "அவைக்கு அப்ப இருந்த பேர் இப்ப எங்கட தெருவில வசைச்சொல்லு அண்ணை" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு நாங்களும் ஒரு பெயர் வைத்திருக்கிறோமே. அன்றைக்கே மரியதாஸ் அண்ணை உண்மையை ஒப்புக்கொண்டு, இடுப்பர் என்றால் இதுதான் அர்த்தம், ஆனால் மரியாதையாகத்தான் சொல்கிறோம் என்று விளக்கினார். இடுப்பர் இரண்டு மூன்று முறை அதைச் சொல்லிப் பார்த்தார். மறுநாள் தன் அலமாரிக் கதவில் அந்தப் பெயரை அரபு எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்.

இந்த நாட்டுக்கு அவர் வந்ததே அந்தக் கடதாசிக்காகத்தான் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. ஆனால் வந்த பிறகு அது அவரைப் பிடித்துக்கொண்டது. "மீன் பிடிக்கக் கடதாசி, மான் சுடக் கடதாசி. ஆட்டத்துக்கு இல்லாமல் இருக்குமோ?" என்று கேட்டார். நியாயமாகத்தான் இருந்தது. தன்னுடைய உடைசலுக்கு என்னை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனார். கருணையான முகம் உள்ள ஒரு இளம் பெண் எங்களை உட்கார வைத்தார்.

"எதற்கு அனுமதி வேண்டும்?"

"ஆட."

"ஒலிபெருக்கி வைப்பீர்களா? தெருவை மறிப்பீர்களா?"

"இல்லை. இடுப்பை மட்டும்தான்."

அந்தப் பெண் கணினியில் தேடினார். பக்கத்து அறைக்குப் போய் யாரையோ கேட்டார். திரும்பி வந்து, பரிசு கொடுப்பவர் போல முகமலர்ந்து, "நோர்வேயில் ஆடுவதற்கு அனுமதி தேவையில்லை" என்றார்.

"ஆம்பிளைக்கும்?"

"ஆணுக்கும்."

"வயிறு தெரிஞ்சாலும்?"

அவர் யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார். "குளிர் தாங்கினால்" என்றார்.

"அப்ப அதை எழுதிச் சீல் குத்தித் தாங்கோ."

"தேவையில்லாத அனுமதியை நாங்கள் எப்படி எழுதித் தருவது?"

அங்கேதான் அவர் அழுதார். ஒரு நாட்டில் கேட்டால் இல்லை என்றார்கள், இன்னொரு நாட்டில் கேட்டால் வேண்டாம் என்கிறார்கள், இரண்டிலும் கை வெறும் கைதானே என்று என்னிடம் கேட்டார். அந்தப் பெண் எல்லாம் சரிதான் என்று ஆறுதல் சொல்லி, தண்ணீர் கொடுத்து, இன்னொரு அலுவலகத்தின் முகவரியும் கொடுத்தார். அங்கே போனோம். அங்கிருந்து இன்னொன்று. நாலாவது இடம் பொலிஸ் நிலையம். யாராவது உங்களை ஆடவிடாமல் தடுத்தார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார் இடுப்பர். அப்படியானால் இனிய நாளாகட்டும் என்று வழியனுப்பி வைத்தார்கள்.

அதோடு அவர் இடுப்பு நின்றுவிட்டது. டும், தக்க தக்க, டும் என்று மெசின் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், அவர் மரக்கட்டை மாதிரி நிற்பார். தாளம் தப்பியதால் நாங்கள் விடும் விரிப்பெல்லாம் சுருங்கிக் கோணி வந்தது. ஒரு ஹோட்டல் திருப்பி அனுப்பியது. மேலாளர் அம்மா இறங்கி வந்து, "அண்ணை ஏன் ஆடுவதில்லை?" என்று என்னிடம் கவலையோடு விசாரித்தார்.

மரியதாஸ் அண்ணை மடித்துக்கொண்டிருந்த விரிப்பை வைத்தார். ஜாக்கெட் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். "கடதாசிதானே வேணும்? நான் தாறன்" என்றார்.

எங்கள் சனத்தைப் பற்றி வெளியாருக்கு ஒன்று தெரியாது. நாங்கள் மூன்று பேர் ஒரு நகரத்தில் இறங்கினால் முதலில் வீடு தேடமாட்டோம். மன்றம் தொடங்குவோம், சீல் அடிப்போம், பிறகு யாருக்கு வாழ்த்துமடல் கொடுக்கலாம் என்று ஆள் தேடுவோம். பொன்னாடையும் பத்திரமும் வாங்காத ஒரு தமிழரை ஒஸ்லோவில் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆகவே எகிப்துக்காரருக்கு ஒரு பத்திரம் கொடுப்பது பெரிய வேலையில்லை என்று நினைத்தோம். ஆண்டுவிழாவில் அவரை ஆடவைத்து, மேடையிலேயே கொடுப்பது என்று திட்டம். அதற்குச் செயற்குழு சம்மதிக்க வேண்டும்.

கூட்டம் ட்வெய்ட்டாவில், மரியதாஸ் அண்ணையின் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு நடந்தது. இடுப்பரும் வந்து என் பக்கத்தில் மரியாதையாக உட்கார்ந்திருந்தார். விசயத்தைக் கேட்ட தலைவர் கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

"ஆம்பிளை இடுப்பாட்டமோ? குடும்பமா வந்து பாக்கிற இடமப்பா. நாளைக்கு ஆக்கள் என்ன கதைப்பினம்?"

பிறகு அவருக்கு ஒரு நல்ல யோசனை வந்தது.

"ஒண்டு செய்வம். கையில ஒரு தடியைக் குடுத்து விடுவம். எகிப்துச் சிலம்பம் எண்டு நோட்டீசில போடுவம். தடி இருந்தா ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது."

என் கையிலிருந்த வடை தட்டில் விழுந்தது. கெய்ரோ கவுண்டரில் இருந்த அதே மனிதர் வேட்டி கட்டிக்கொண்டு ட்வெய்ட்டாவுக்கு வந்துவிட்டாரோ என்று நினைத்தேன். தலைவர் எழுந்து நின்று தடி சுழற்றுவது போல அபிநயமும் பிடித்துக் காட்டினார். இடுப்பருக்குத் தமிழ் விளங்கவில்லை, அபிநயம் நன்றாக விளங்கியது. அவர் மெதுவாக எழுந்து தன் ஜாக்கெட்டைப் போடத் தொடங்கினார். கோபிக்கவில்லை. பழகிய தெருவில் நடப்பவர் போல இருந்தது அவர் முகம்.

"இருங்கோ" என்றார் மரியதாஸ் அண்ணை. பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "தலைவர், எங்கட கோயில் திருநாள் கூத்தில நான் என்ன வேசம் போட்டனான் எண்டு தெரியுமோ? ராணி. மூண்டு வருசம் ராணி. சீலை, கொண்டை, ஒட்டியாணம் எல்லாம் கட்டி. பங்குச் சாமியார் முன்வரிசையில இருந்தவர். ராசா செத்தாப்பிறகு நான் அழுது பாடேக்க முழுச் சனமும் அழுதது. ஒருத்தரும் வந்து என்ர கையில தடி தரேல்லை."

"அது கூத்து மரியதாஸ். அது எங்கட கலை."

"உது அவரின்ர கலை."

தலைவர் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சமையலறையிலிருந்து மரியதாஸ் அண்ணையின் மனைவி எட்டிப் பார்த்தார்.

"அந்த ராணியைப் பாத்துத்தான் நான் இவரைக் கட்டினனான்" என்றார். "இன்னும் ஆருக்குத் தேத்தண்ணி?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பத்திரத்தை மரியதாஸ் அண்ணை ஒரு வாரம் இருந்து எழுதினார். ஓரத்தில் மயில், மேலே குத்துவிளக்கு, நடுவில் இப்படி: "இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், இப்பத்திரம் தாங்கி வரும், இடுப்பர் என எம்மவரால் அன்புடன் அழைக்கப்படும் எகிப்து நாட்டுக் கலைஞர் அவர்கள், இடுப்பாட்டம் எனும் அருங்கலையைத் தடியுடனும் தடியின்றியும், மீசையுடன், எவ்விடத்தும் ஆடிக்கொள்ள எமது மன்றம் பூரண அனுமதி வழங்குகின்றது." கீழே சீல். இடுப்பருக்கு ஒரு தமிழ் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. சீலை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார், மை காய்ந்துவிட்டதோ என்று.

படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினார். பதில் வந்தது: "சீல் தெளிவாக இல்லை." இன்னொரு படம் அனுப்பினார். "எந்த மொழி?" தமிழ் என்று எழுதினார். மூன்று நாள் சத்தமில்லை. அந்த மூன்று நாளும் எங்கள் மெசினில் ஒரு விரிப்பும் நேராக வரவில்லை. நாலாம் நாள் ஒரு வரி: "விழா எத்தனையாம் திகதி?"

அண்ணன் வந்து இறங்கினார். உயரமான, ஒல்லியான மனிதர், கறுப்புக் கோட்டு, தடித்த கண்ணாடி. தம்பிக்கு இருந்த இடுப்பில் நாலில் ஒன்றுகூட அவருக்கு இல்லை. விமான நிலையத்தில் அண்ணனும் தம்பியும் நீதிமன்ற வாசலில் சந்தித்த எதிர்க்கட்சிக்காரர் போலக் கைகுலுக்கிக்கொண்டார்கள். காரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் மட்டும் இது மரம், இது பனி என்று விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

விழா ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், மத்தியானம். மேடைக்குப் பக்கத்தில் வைத்து அண்ணன் பத்திரத்தை வாங்கினார். என்னை வரி வரியாக ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். தடியுடனும் தடியின்றியும் என்ற இடத்தை இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "இந்த மன்றம் எந்த அரசாங்கத்தின் கீழ் வருகிறது?" என்று கேட்டார்.

இடுப்பரின் முகம் வெளிறியது. பதினெட்டு வருடம் காத்திருந்து, விமானம் ஏறி வந்த அண்ணன் இந்த ஒரு கேள்வியோடு திரும்பிப் போய்விடுவார் போலிருந்தது. பொய் சொல்லலாமா என்று நான் மரியதாஸ் அண்ணையைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை.

"எங்களுக்கு அரசாங்கம் இல்லை ஐயா" என்றார். "சீல் மட்டும்தான் இருக்கு."

நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே மண்டபத்தைப் பார்த்தார். கதிரை அடுக்குகிறவர்களையும், சேலையோடு வடைச் சட்டி தூக்கி வருகிறவர்களையும், மேடையில் ஒலிவாங்கியைத் தட்டித் தட்டிச் சோதிக்கிற தலைவரையும் பார்த்தார். பத்திரத்தை நாலாக மடிக்காமல், சுருட்டாமல், தட்டையாகத் தம்பியின் கையில் கொடுத்தார். நேரே போய் முன்வரிசையில், தலைவருக்கு என்று ஒதுக்கியிருந்த கதிரையில் உட்கார்ந்தார். தலைவர் அன்று முழுவதும் நின்றுதான் பார்த்தார்.

இடுப்பர் மேடைக்கு வந்தபோது கையில் தடி இருந்தது. தடியைச் சுழற்றினார், தோளில் வைத்தார், தலைக்கு மேல் வீசிப் பிடித்தார். நல்லாத்தான் இருந்தது, சனம் பண்பாகக் கைதட்டியது. பிறகு மேடை விளிம்புக்கு வந்து குனிந்தார். தடியை இரண்டு கையாலும் ஏந்தி அண்ணனிடம் நீட்டினார்.

அண்ணன் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஆடியதுதான் ஆட்டம். பதினெட்டு வருடம் மெசினுக்கும் குளிருக்கும் நடுவில் ஒளித்து வைத்திருந்ததெல்லாம் அந்த மனிதரின் உடம்பில் இருந்து இறங்கி வந்தது. தோள் அசையவில்லை, தலை அசையவில்லை, இடுப்பு சிரித்தது, கோபித்தது, கெஞ்சியது. கையைக் கட்டிக்கொண்டு இருந்த எங்கள் பெண்கள் முதலில் கையை அவிழ்த்தார்கள், பிறகு தட்டினார்கள். என் மனைவி எழுந்தே நின்றாள். நான் அண்ணனைப் பார்த்தேன். மனிதர் சாட்சிக் கூண்டில் நிற்பவர் போல விறைத்துத்தான் இருந்தார். ஆனால் முழங்காலுக்கு நடுவில் பிடித்திருந்த தடி தரையில் தட்டிக்கொண்டிருந்தது. டும், தக்க தக்க, டும்.

ஆட்டம் முடிந்து இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுததை நான் எழுதப்போவதில்லை. அதன் பிறகு அண்ணன் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, பத்திரத்தைத் திரும்ப வாங்கி, "ஒரு குறை இருக்கிறது. காலாவதித் திகதி போடவில்லை. அது இல்லாத உரிமம் எங்கும் செல்லாது" என்றார். மரியதாஸ் அண்ணை அந்த இடத்திலேயே பேனை எடுத்து, "ஒரு வருடத்துக்குச் செல்லுபடியாகும்" என்று எழுதி, இன்னொரு சீல் குத்தினார்.

இடுப்பர் இப்போது பேர்கனில் இருக்கிறார். அங்கே ஒரு நடனப் பள்ளியில் ஆசிரியர். வகுப்புச் சுவரில் எங்கள் பத்திரம் கண்ணாடி போட்டுத் தொங்குகிறதாம், யாராவது ஏதாவது கேட்டால் விரலை நீட்டிக் காட்டுவாராம். வருடத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி, துணியில் சுற்றி, ஏழு மணித்தியாலம் ரயிலில் இருந்து, புதுச் சீல் வாங்க ஒஸ்லோவுக்குக் கொண்டுவருவார். தபாலில் அனுப்பச் சொன்னால் தபாலை நம்பமாட்டார். மரியதாஸ் அண்ணை ஓய்வு பெற்று, சீல் இப்போது என்னிடம் இருக்கிறது. பத்திரத்தின் பின்பக்கம் முழுக்கச் சீல் நிறைந்து, ஒட்டுக் கடதாசி ஒட்டியிருக்கிறோம். சீல் குத்தி முடிந்ததும் என் வீட்டில் சாப்பிடுவார், என் முதுகைத் தட்டிப் பார்ப்பார், எட்டுப் போடுகிறேனா என்று மனைவியிடம் விசாரிப்பார். மறுநாள் ரயில் ஏறிவிடுவார்.

போன மாதக் கூட்டத்தில் மன்றத்தின் புதிய தலைவர், விவரமான பிள்ளை, அந்த மனிதரை ஏன் ஒவ்வொரு வருடமும் அலைக்கழிக்கிறோம், ஐந்து வருடத்துக்கு ஒரேயடியாக எழுதிக் கொடுத்துவிடலாமே என்று கேட்டார். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. நான் மட்டும், சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேல் கொடுக்க இடமில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டேன். எந்தச் சட்டம் என்று கேட்டார்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஐந்து வருடத்துக்கு எழுதிக் கொடுத்தால், ஐந்து வருடத்துக்கு அவர் வரமாட்டாரே.